எனக்கு முன்னால் ஆறு சொற்கள்

1

என்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வசனம் எழுதப்பட்டது. அதில் ஒரு பிழையும் இல்லை என்று என் மகள் மெலனி சொன்னாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பேர்லினில் ஆங்கில ஆசிரியையாக வருவதற்குப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த வசனத்தில் எனக்கு முன்னால் ஆறு சொற்கள் வரிசையாக நின்றன. முகம்கொடுக்காத, குள்ளமான, வயதுபோன, கறுத்த, ஆசிய, துப்புரவு. ஆறும் முடிந்த பிறகு கடைசியில் 'லேடி' என்று நான். ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஐம்பத்து நான்கு வயது. மற்ற ஐந்து சொற்களோடு எப்படியாவது சமாளிக்கலாம். அந்த 'வயதுபோன' என்பதை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

நான் பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் இருக்கிறேன். யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து வந்து இருபத்தாறு வருடம். அதில் பத்தொன்பது வருடம் ஒரே ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிற வேலை. வலது தோள்மூட்டு தேய்ந்துபோய், கையை மேலே தூக்க ஏலாத நிலை வந்தபோது, பழைய மனேஜர் பாதி நாளை மேல்மாடிகளிலும் பாதி நாளை நிலக்கீழ்த் தளத்திலும் செய்யச் சொன்னார். கீழே ஒரு சின்ன அறை இருக்கிறது. விருந்தினர்கள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களை அங்கேதான் வைப்போம். ஏழு வருடமாக அந்த அறையின் திறப்பு என் கழுத்தில்தான் தொங்குகிறது. அந்தத் திறப்பு என் தோளுக்கு மருந்து. அது போனால் நாள் முழுக்க மாடியில் கட்டில் விரிப்பு மாற்ற வேண்டும், மாற்றினால் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டேன்.

2

அந்த அறைக்கு ஒரு பதிவேடு உண்டு. சாமானைத் தேடி எழுதுகிறவர்கள் அநேகமாக ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். அதனால் பதிவேடும் ஆங்கிலத்தில். நான் கையால் எழுதுவதை மேலே கொம்பியூட்டரிலும் ஏற்றுவார்கள். முதல் மாதத்தில் நான் எழுதியவற்றைத் திருத்தித் தரும்படி அப்போது பதினைந்து வயதான மெலனியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, 'பிளாக் லெதர் ஓல்ட் ஸ்மோல் பாக்' எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

"ஏன், பை கறுப்பு இல்லையோ? தோல் இல்லையோ?"

"எல்லாம் சரி. ஆனா வரிசை பிழை. காதுக்குக் குத்துது."

"ஏன் குத்துது?"

"தெரியேல்லை. குத்துது."

பிறகு பாடப்புத்தகத்தில் தேடி எடுத்துக் காட்டினாள். ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்கு முன்னால் எத்தனை சொல்லையும் அடுக்கலாம், ஆனால் வரிசை தவறக் கூடாது. முதலில் அதைப் பற்றி உன் அபிப்பிராயம். பிறகு அளவு. பிறகு வயது, வடிவம், நிறம், எந்த ஊர், எதனால் செய்தது. கடைசியில், எதற்குப் பயன்படுவது. ஆங்கிலம் பேசுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லையாம், தானாக வாயில் வருமாம். நாங்கள் 'சின்னக் கறுத்தப் பை' என்போம், அவசரத்தில் 'கறுத்தச் சின்னப் பை' என்றும் சொல்வோம். இரண்டுக்கும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனக்குத்தான் அந்தக் காது இல்லை. ஆனால் வரிசை என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நாட்டில் ஒரு அறையைத் துப்புரவு செய்வதற்கே வரிசை இருக்கிறது. கதவிலிருந்து தொடங்கி அறையைச் சுற்றி வர வேண்டும். மேலேயிருந்து கீழே. உலர்ந்த துடைப்பு முதல், ஈரம் பிறகு. கக்கூஸ் எல்லாவற்றுக்கும் கடைசி. மேசைக்கு நீலத் துணி, முகம் கழுவுகிற தொட்டிக்கு மஞ்சள், கக்கூஸுக்குச் சிவப்பு. என் முதல் மேற்பார்வையாளர் ஒரு துணி மாறினாலும் வாளியோடு திருப்பி அனுப்புவார். ஆகவே ஆங்கில வரிசையையும் ஒரு அறைக்குள் போவதுபோலப் பாடமாக்கினேன். கதவைத் திறந்ததும் 'சீ' என்றோ 'பரவாயில்லை' என்றோ மனதில் படுவது அபிப்பிராயம். அடுத்து அறை பெரிதா சிறிதா. தளபாடம் பழசா. கட்டில் என்ன வடிவம். விரிப்பு என்ன நிறம். வந்தவர் எந்த நாட்டுக்காரர். திரை என்ன துணி. கடைசியில், இந்த அறையில் அவர் என்னதான் செய்தார்!

ஒரு கிழமையில் எனக்குப் பாடமாகிவிட்டது. 'பியூட்டிபுல் ஸ்மோல் நியூ ரவுண்ட் ரெட் இத்தாலியன் லெதர் கொயின் பேர்ஸ்' என்று ஒரு நாள் மூச்சுவிடாமல் சொல்லிக்காட்டியபோது மெலனி வாயைப் பிளந்தாள். அன்று முழுவதும் எனக்குத் தலைக்கனம்தான்.

3

போன இலையுதிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமை புதிய மனேஜர் எங்கள் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவரை ஹெர் கெல்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து ஐந்து மாதம். எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் வைத்திருக்கிற, எங்கள் பிள்ளைகளின் வயதுக்காரர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பிரச்சினை என்று ஒன்று வந்தால் அன்றே அதை முடித்துவிட வேண்டும் அவருக்கு.

மூன்று பேர் என்றால் நான், வங்காளதேசத்து ஷிரீன், கேரளத்து லதா. லதா வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவளுடைய ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. மூவரும் குள்ளம். மூவரும் கறுப்பு. மூவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. முகம்கொடுக்காதவர் யார் என்பதில்தான் போட்டி இருக்கலாம்.

நான்காம் மாடியில் தங்கியிருந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் ஊருக்குப் போய் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்த மாத்திரைப் பெட்டியைக் காணவில்லையாம். மனேஜர் அதைத் திரையில் காட்டி வாசித்தார். 'லவ்லி லிட்டில் ஆன்டீக் ஓவல் இங்கிலிஷ் சில்வர் பில் பொக்ஸ்.' அழகான, சின்ன, அந்தக் காலத்து, நீள்வட்ட, இங்கிலாந்து, வெள்ளி மாத்திரைப் பெட்டி. என் மனம் விரல்விட்டு எண்ணியது. அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், ஊர், செய்த பொருள், பயன். ஏழும் தன் தன் இடத்தில். எவ்வளவு திறமாக எழுதுகிறார் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு அடுத்த வசனத்தில் நான் இருந்தேன். அல்லது ஷிரீன் இருந்தாள், அல்லது லதா. அந்த மாடியில் ஒரு துப்புரவுப் பெண் இருந்தாராம், காலை வணக்கம் சொல்லியும் பதில் சொல்லவில்லையாம். 'அன்பிரெண்ட்லி லிட்டில் எல்டர்லி டார்க் ஏசியன் கிளீனிங் லேடி.' அதே வரிசை. பெட்டிக்கு எப்படியோ எங்களுக்கும் அப்படியே. அபிப்பிராயத்தில் தொடங்கிப் பயனில் முடிந்தது.

"பதிவேட்டில் 'சில்வர்' என்று தேடினேன், ஒன்றும் இல்லை," என்றார் மனேஜர். அவர் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், பேசியதைத் தமிழில் தருகிறேன். "அவர் புறப்பட்ட அன்று நீங்கள் மூன்று பேரும் நான்காம் மாடியில்தான் வேலை. நான் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. உங்கள் மூன்று பேரின் படத்தையும் அந்த அம்மாவுக்கு அனுப்புகிறேன். அவர் ஆளைக் காட்டினால் மற்ற இரண்டு பேருக்கும் நிம்மதி."

சட்டப்படி எங்கள் சம்மதம் இல்லாமல் படத்தை வெளியே அனுப்ப அவரால் முடியாது. ஆகவே மூன்று சம்மதப் பத்திரங்களை முன்கூட்டியே அச்சடித்து, மூன்று பேனாவோடு மேசையில் வைத்திருந்தார்.

லதா பேனாவை எடுத்துவிட்டாள். என் பக்கம் திரும்பி மெதுவாக, "சேச்சி, நான் ஒண்ணும் எடுக்கல்ல. கையொப்பமிட்டாப் போதுமல்லோ," என்றாள்.

நான் அவளுடைய பத்திரத்தின் மேல் என் உள்ளங்கையை வைத்தேன். "வேண்டாம் லதா. பேனாவை வை."

பிறகு மனேஜரைப் பார்த்து, "நாங்கள் கையெழுத்து வைக்கமாட்டோம்," என்றேன்.

"ஏன்?"

"வைக்கமாட்டோம்."

அவருக்கு முகம் சிவந்தது. சாமான் அறைக்குப் பொறுப்பு நான், விசாரணைக்கு ஒத்துழைக்க மறுக்கிறவளும் நான். வெள்ளிக்கிழமைக்குள் மனம் மாறாவிட்டால் எனக்கு ஒரு அப்மானுங் என்றார். அப்மானுங் என்பது எழுத்தில் தருகிற எச்சரிக்கை, எங்கள் ஊரில்போல வாயால் திட்டிவிட்டு மறந்துபோகிற சங்கதி இல்லை. அது கோப்பில் போய்க் குந்திவிடும். இன்னொன்று வந்தால் வீட்டுக்குப் போகலாம். "திறப்பையும் அன்று தந்துவிட வேண்டியிருக்கும்," என்றார். ஒரு சம்பவ அறிக்கையும் தயாரித்தார். அந்த ஆறு சொற்களை அப்படியே வெட்டி ஒட்டி, கீழே 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு என் கோப்பில் வைத்தார்.

4

அன்று பின்னேரம் வீட்டுக் குசினியில் மெலனியிடம் மின்னஞ்சலைக் காட்டினேன். என் ரெலிபோனில் படம் பிடித்து வைத்திருந்தேன். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"வசனத்தில பிழை ஒண்டும் இல்லை அம்மா. ஓடர் எல்லாம் சரி."

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் கிரமரைத்தான் சொன்னனான்," என்றாள் அவசரமாக.

"அது எனக்கு விளங்குது. எண்ணிப் பாத்தனான்."

"அப்ப ஏன் சைன் பண்ணேல்லை? நீங்கள் எடுக்கேல்லைத்தானே. எடுக்காட்டி என்ன பயம்? ஒரு போட்டோதானே. நீங்கள் சும்மா ஸ்ட்ரெஸ் எடுக்கிறியள்."

இங்கே பிறந்த பிள்ளைகளிடம் எனக்குப் பொறாமையாக இருப்பது இந்த ஒன்றில்தான். செய்யாதவனுக்குப் பயம் இல்லை என்று நம்புகிறார்கள். எங்களுக்கு அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. கத்தியை வைத்துவிட்டு, இருபத்திரண்டு வயதான என் மகளுக்கு அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

எனக்குப் பதினாறு வயது இருக்கும். ஒரு நாள் காலையில் ஆமிக்காரர் ஊரை வளைத்து, ஆம்பிளைகள் எல்லோரையும் கோயில் வளவுக்கு வரச் சொன்னார்கள். எங்கள் கோயில் என்றால் தேவாலயம்தான். என் பெரிய அண்ணையும் போனார். வரிசையில் ஒவ்வொருவராக நடக்கவேண்டும். ஒரு ஜீப்புக்குள், ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி இருந்தான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலை ஆடினால் அந்த ஆள் ஒரு பக்கம். ஆடாவிட்டால் வீட்டுக்கு. தலையாட்டியிடம் யாரும் பெயர் கேட்கவில்லை. அவர்கள் தேடியது உயரமான, கறுத்த, சுருட்டைமுடி, மீசை வைத்த இளந்தாரி ஒருவனை. குருநகரில் அப்படி நூறு பேர் இருப்பார்கள். என் அண்ணை அப்படித்தான் இருந்தார். அவருக்கு முன்னால் நடந்த தொம்மையும் அப்படித்தான். எங்களோடு ஒரே ஒழுங்கையில் இருந்தவன், வலைக்குப் போகிறவன், ஒரு வம்புக்கும் போகாதவன். சாக்கு தொம்மைக்கு ஆடியது.

"பிறகு?" என்றாள் மெலனி.

"பிறகு ஒண்டும் இல்லை. அவன் வரேல்லை."

"மாமா?"

"கொண்ணை... கொம்மான் வீட்டை வந்திட்டார். கனடாவில இருக்கிறார்தானே. தொம்மையைப் பற்றி இண்டுவரைக்கும் ஒரு வார்த்தை கதைக்கமாட்டார்."

சோகத்தில் எனக்கு உறவுமுறையே தடுமாறியது, என் அண்ணையை அவளுடைய அண்ணை ஆக்கிவிட்டேன். மெலனி அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. மேசையில் கிடந்த என் ரெலிபோனை எடுத்து அந்த வசனத்தை இன்னொரு முறை வாசித்தாள். இம்முறை உதடு அசையாமல், மெதுவாக.

"மூண்டு பேரின்ர படத்தை அனுப்பினா அந்த மனுசி ஒண்டைக் காட்டத்தான் போறா," என்றேன். "கேட்டாக் காட்டத்தானே செய்வினம். அது நானா இருந்தாலும் சரி, லதாவா இருந்தாலும் சரி. நான் அந்த வரிசையில நிக்கமாட்டன். அவளையும் நிக்க விடமாட்டன்."

"ஓம்," என்றாள் மெலனி. வெங்காயத்தை அவளே வெட்டி முடித்தாள்.

5

வியாழக்கிழமை மத்தியானம் நிலக்கீழ் அறையில் தனியாக இருந்தேன். அடுத்த நாள் திறப்பைக் கொடுக்க வேண்டிவரும் என்று நினைத்து, எல்லாவற்றையும் ஒழுங்காக விட்டுப்போக வேண்டும் என்று அலுமாரியை வெறுமையாக்கினேன். ஒற்றைச் சப்பாத்துகள், பல்செட் ஒன்று, சார்ஜர் ஒரு கூடை, காது கிழிந்த ஒரு துணி யானை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துத் துடைத்துத் திரும்ப வைத்தேன்.

அப்போது ஒரு சின்னத் தகரப் பெட்டி கையில் வந்தது. இருமல் மிட்டாய் விற்கிற மாதிரிப் பெட்டி, மூடியில் இருந்த எழுத்து தேய்ந்துபோயிருந்தது, ஒரு மூலை நெளிந்திருந்தது. காலைச் சாப்பாட்டு மண்டபத்தில் வாங்கு இருக்கைக்குக் கீழே கிடந்ததாக ஒரு பரிசாரகர் கொண்டுவந்து தந்தது நினைவிருந்தது. என் கையெழுத்திலேயே பதிவு இருந்தது, 'ஸ்மோல் ஓல்ட் ஓவல் கிறே டின் பொக்ஸ்' என்று. திறந்தேன். உள்ளே நான்கு வெள்ளை மாத்திரைகள்.

சின்ன. பழைய. நீள்வட்ட. பதிவை இன்னொரு முறை வாசித்தேன்.

அந்த ஆங்கிலேய அம்மா மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடு போட்டிருக்கிறார், பெட்டியை அங்கேயே விட்டுவிட்டார். கட்டில் பக்கத்து மேசை என்பது அவருடைய நினைப்பு. பெட்டி நான்கு நாளும் என் அலுமாரியில்தான் இருந்திருக்கிறது. மனேஜர் கொம்பியூட்டரில் 'சில்வர்' என்று தேடினார், கிடைக்கவில்லை. அவரை விடுங்கள். நானும்தானே திங்கட்கிழமையே கீழே வந்து தேடினேன்! நான் தேடியது வெள்ளியை. இந்தப் பெட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு அதற்குப் பின்னால் கைவிட்டுத் தேடியதுகூட எனக்கு நினைவு வந்தது.

ஏன் என்று நானே என்னைக் கேட்டேன். பதில் வெட்கமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். அந்த அம்மாவின் ஆங்கிலம் அவ்வளவு நன்றாக இருந்தது. ஏழு சொல்லும் ஏழு இடத்தில் பிசகாமல் நிற்கும்போது அது பொய்யாகவோ பிழையாகவோ இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஆட்களிடம் இது ஒரு வியாதி. அரசாங்கக் கந்தோரில் யாராவது சுத்தமான ஆங்கிலத்தில் பேசினால் அவர் சொல்வதும் சுத்தம் என்று எடுத்துக்கொள்வோம். நானே கையால் எழுதிய 'தகரம்' என்கிற உண்மையை, யாரோ தட்டச்சு செய்த 'வெள்ளி'க்காக ஒதுக்கிவைத்திருந்தேன். கோபம் முதலில் என்மேல்தான் வந்தது. அரைமணித்தியாலம் அந்தத் துணி யானையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

6

வெள்ளிக்கிழமை காலையில் தகரப் பெட்டியை மனேஜரின் மேசையில் வைத்தேன். அவர் படம் எடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அதுதான், அதேதான், என் தாயாருடைய பெட்டி, எவ்வளவு சந்தோசம்! மூன்று வியப்புக்குறிகள் இருந்தன. அந்தத் துப்புரவுப் பெண்ணைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"சூப்பர்," என்றார் மனேஜர். "எல்லாம் முடிந்தது. அப்மானுங் இல்லை, திறப்பும் உங்களிடமே இருக்கட்டும்."

"கோப்பில் இருக்கிற பக்கம்?"

"எந்தப் பக்கம்?"

"சம்பவ அறிக்கை. எனக்கு முன்னால் ஆறு சொல் இருக்கிற பக்கம்."

அவர் சிரித்தார், நல்லபடியாகத்தான். "ஃபிறவ் அன்ரன், அது ஒரு விவரணை. அதில் உங்கள் பெயரைச் சொல்லி ஒன்றும் இல்லையே. பெட்டி கிடைத்துவிட்டது என்று கீழே குறிப்புப் போட்டுவிடுகிறேன். அறிக்கையை எடுப்பதென்றால் அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது, இலகு இல்லை."

நான் கழுத்திலிருந்து திறப்பைக் கழற்றி அந்தத் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். வைக்கும்போது தோள் வலித்தது, பொய் சொல்லவில்லை.

"பக்கம் வெளியே வந்தால் நான் அறைக்குள் போகிறேன்," என்றேன். "அதுவரைக்கும் மாடியிலேயே வேலை செய்கிறேன்."

"உங்கள் தோள்?"

"என் தோளை நான் பார்த்துக்கொள்கிறேன்."

கதவுக்கு வெளியே ஷிரீன் துவாய் வண்டியோடு நின்றாள். வேண்டுமென்றே நின்றாள் என்று தெரியும். லதாவும் அவளுக்குப் பின்னால். நான் வண்டியை ஒரு பக்கம் பிடித்தேன், மூவருமாக லிப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அன்றிலிருந்து என் அறைகளில் உயரமான அலுமாரித் தட்டுகளை லதா கேட்காமலே வந்து துடைத்துவிட்டுப் போவாள்.

7

இந்த நாட்டில் ஒரு நல்லது இருக்கிறது. உங்கள் கோப்பில் யாராவது ஏதாவது எழுதி வைத்தால், நீங்களும் ஒரு மறுப்பு எழுதி அதே கோப்பில் வைக்கலாம், அதை யாரும் தடுக்க முடியாது. ஹோட்டல் தொழிலாளர் குழுவில் இருக்கிற பெண்ணிடம் போய்க் கேட்டேன். தாராளமாக எழுது, பக்கத்தை எடுக்கச் சொல்லி நாங்களும் கேட்கிறோம் என்றாள்.

மெலனி கொம்பியூட்டரை எடுத்துக்கொண்டு குசினி மேசைக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை. தானாகத்தான் வந்தாள்.

"டொச்சில எழுதுவம். முதல்ல நீங்கள் ஆர் எண்டு ஒரு வசனம் வேணும். என்ன போட? நம்பிக்கையான, அனுபவமுள்ள, நேர்மையான..."

"ஒண்டும் போடாத."

"அம்மா, இப்பிடித்தான் எழுதுறது. நல்லதா ஏதாவது போட்டாத்தான்..."

"அவ கெட்ட சொல்லா அடுக்கினா. நீ நல்ல சொல்லா அடுக்கிறாய். எனக்கு ரெண்டும் வேண்டாம். நான் செய்ததை எழுது. பத்தொன்பது வருசம் வேலைக்குப் போனன். ஏழு வருசம் திறப்பை வச்சிருந்தன். சாமான் துலைச்ச சனத்துக்கு அதுகளைத் திருப்பி அனுப்பினன். இந்தப் பெட்டியையும் நான்தான் கண்டுபிடிச்சன். படத்துக்குக் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு சொன்னன். அவ்வளவும் எழுது."

மெலனி அப்படியே எழுதினாள். ஒரு பக்கம்கூட வரவில்லை. கடைசியில் அவளாக ஒரு வரி சேர்த்து எனக்கு வாசித்துக்காட்டினாள். அறிக்கையில் இருக்கிற விவரணை இந்த ஹோட்டலில் வேலை செய்கிற குறைந்தது மூன்று பெண்களுக்குப் பொருந்தும், ஆகவே அது ஒருவரையும் குறிக்காது, ஆகவே அது யாருடைய கோப்பிலும் இருக்க முடியாது. நான் யோசித்ததைவிட நன்றாக இருந்தது. என் பிள்ளை என்னைவிட்டுத் தூரத்தில் போய்விட்டாள் என்று எத்தனையோ முறை உங்களுக்கு எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அப்படி இருக்கவில்லை.

கடிதம் கொடுத்து மூன்று கிழமை மாடியில் வேலை செய்தேன். தோள் என்னைப் படாதபாடு படுத்தியது. கீழே சாமான் குவிந்தது. மறந்துபோன சாமானுக்காக வருகிற மின்னஞ்சல்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆங்கிலேய அம்மாவும் பெட்டி எங்கே, பெட்டி எங்கே என்று இரண்டு முறை எழுதினார். கொஞ்சம் பொறுத்திருக்கட்டும் என்று நினைத்தேன்.

நான்காவது கிழமை என் பெயருக்கு ஒரு கடித உறை வந்தது. உள்ளே ஒற்றை வரி. குறிப்பிட்ட அறிக்கை கோப்பிலிருந்து அகற்றப்பட்டது. உறைக்குள்ளே திறப்பும் இருந்தது.

8

பிரித்தானியா ஐரோப்பாவை விட்டுப் பிரிந்த பிறகு அங்கே ஒரு சின்னப் பொதி அனுப்புவதென்றாலும் சுங்கப் பத்திரம் நிரப்ப வேண்டும். ஹோட்டலில் அதைப் பிழையில்லாமல் நிரப்பத் தெரிந்தவள் நான்தான். மாத்திரைகளை எடுத்துவிட்டுப் பெட்டியைப் பஞ்சுக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தபோது மனேஜர் கீழே வந்தார். அந்த அறைக்கு அவர் வந்தது அதுதான் முதல்முறை.

"அந்த அம்மா எழுதியிருக்கிறார்," என்றார். "வழியில் தொலைந்தால் காப்புறுதியில் கேட்க வசதியாக இருக்குமாம். பத்திரத்தில் 'ஆன்டீக் சில்வர்' என்று போடச் சொல்கிறார்."

"இது தகரம்."

"தெரியும். ஆனால் அவருக்கு அது வெள்ளி. எங்களுக்கு என்ன நட்டம்? எழுதிவிடுங்கள்."

நான் மூடியை அவருக்குத் திருப்பிக் காட்டினேன். நெளிந்த மூலையில் துருப் பிடித்திருந்தது. ஒரு தாயின் பெட்டி என்றால் அதன்மேல் ஆசை இருக்கத்தான் செய்யும், அந்த ஆசையில் எனக்குக் கோபம் இல்லை. அவர் வீட்டில் அதை வெள்ளி என்று சொல்லட்டும், தங்கம் என்றும் சொல்லட்டும். என் பேனாவால் அது நடக்காது.

"ஏலாது," என்றேன், தமிழில். பிறகு டொச்சில் விளங்கப்படுத்தினேன். "இதற்குக் கீழே கையெழுத்து வைக்கிறது நான்."

அவர் துணி யானையை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். பிறகு மேலே போய்விட்டார்.

நான் பத்திரத்தை முன்னால் இழுத்தேன். பொருளின் விவரம் என்ற கட்டத்தில் ஒரு சின்னப் பழைய நீள்வட்டச் சாம்பல்நிறத் தகரப் பெட்டி என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அளவு, வயது, வடிவம், நிறம், செய்த பொருள். வரிசை பிசகவில்லை. அபிப்பிராயம் ஒன்றும் எழுதவில்லை.

அனுப்புகிறவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். மரிய ஜசிந்தா அன்ரன். அதற்கு முன்னால் ஒரு சொல்லும் போடவில்லை.